இரண்டு தோசைத் திருப்பிகள்

கதை எழுதுகிறவள் என்று நாலு பேருக்குத் தெரிந்துபோன பிறகு, வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "மாமி, உங்களுக்கு இதெல்லாம் எப்படித் தோணறது?" கேட்டுவிட்டு, நான் ஏதோ தியானம், தெய்வ கடாட்சம் என்று சொல்லப்போவதாக எதிர்பார்த்துக் காபி டம்ளரைக் கீழே வைப்பார்கள். என் பதில் அவர்களுக்குச் சப்பென்று இருக்கும். ஒரு பொருளைத் தனியாகப் பார்த்தால் எனக்கு ஒன்றுமே தோன்றாது. இன்னொன்றை எடுத்து அதன் பக்கத்தில் வைக்க வேண்டும். இரண்டு குடம், இரண்டு வீடு, இரண்டு பெண்கள், எதுவானாலும் சரி. இதில் இருப்பது அதில் ஏன் இல்லை என்று விடாமல் கேட்டுக்கொண்டிருந்தால், நான் தேடாத மூன்றாவது ஒன்று தானாக எழுந்து வரும். அதைத்தான் எழுதுகிறேன். இவ்வளவுதான் என் வித்தை.

எங்கே கற்றுக்கொண்டீர்கள் என்று கேட்டால் மட்டும் பேச்சை மாற்றிவிடுவேன். முப்பது வருஷமாக மாற்றிக்கொண்டுதான் இருக்கிறேன். கேட்டவர்கள் எழுந்து போன பிறகு அன்று முழுவதும் எனக்கு மனசு சரியாக இருக்காது. வயதும் ஆகிவிட்டது. எழுதிவிடுகிறேன்.

நான் இளையாளாக வாழ்க்கைப்பட்டவள். மேல்கோட்டையிலிருந்து மைசூருக்கு வந்தபோது எனக்குப் பதினாறு வயது. என் அகத்துக்காரர் சர்க்கார் ஆபீஸில், அந்த நாள் பேச்சில் கச்சேரியில், குமாஸ்தா. மூத்தாள் விஷ ஜுரத்தில் ஏழே நாளில் போய்விட்டாள். வருஷாப்தீகம் முடிந்த கையோடு என்னைக் கட்டிவைத்தார்கள். வீட்டில் அவரைத் தவிர இரண்டு பேர். ஒருத்தி அவருடைய அக்கா, கைம்பெண், மூத்தாளுக்கு ஜுரம் வந்தபோது பார்த்துக்கொள்ள வந்து அப்படியே தங்கிவிட்டவள். இன்னொருத்தி மூத்தாளின் மகள். நாலு வயது.

நான் படியேறிய அன்று அந்தக் குழந்தை பேசிய பேச்சு இன்னும் காதில் இருக்கிறது. என் பெட்டியில் என்ன, வண்டி மாட்டுக்கு என்ன பேர், மேல்கோட்டையில் மழை பெய்யுமா, நான் எப்போது திரும்பிப் போவேன். மூச்சு விடாமல் கேட்டாள். கடைசிக் கேள்வியைக் கேட்டதும் அத்தைக்காரி ஒரு வெல்லக்கட்டியை அவள் வாயில் போட்டாள்.

வீடு புதிது. பிளேக் வந்து கோட்டைப் பக்கத்துச் சந்துகளில் எலி விழ ஆரம்பித்த பிறகு, ஊருக்கு வெளியே நூல் பிடித்த மாதிரி தெருக்கள் போட்டார்களே, அந்த எக்ஸ்டென்ஷன்களில் ஒன்று. மாமனார் மாமியார் கூட்டத்தை விட்டு மூத்தாள் புருஷனோடு தனியாக அங்கே குடிவந்தாள். சுவர் எழும்பும்போதே கூட நின்று, அடுப்பு எங்கே, மாடம் எங்கே, ஆட்டுக்கல்லை எங்கே பதிக்க வேண்டும் என்று கொத்தனுக்குச் சொல்லிச் சொல்லிக் கட்டவைத்தாளாம். தளிகை உள் என்று நாங்கள் சொல்லும் சமையலறை முழுக்க முழுக்க அவள் யோசனை. நாலு வருஷம் அதில் வாழ்ந்தாள்.

அந்த அறை என்னை முதல் நாளே விரோதித்துக்கொண்டது. வேறு எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. அடுப்பின் முன்னால் உட்கார்ந்து உப்புக்குக் கை நீட்டினால் கையில் வெறும் சுவர் தட்டும். தீர்த்தக் குடத்துக்கு நீட்டினால் அங்கே ஒன்றும் இருக்காது. ஆட்டுக்கல் முன்னால் உட்கார்ந்து குழவியைச் சுற்றினால், ஒவ்வொரு சுற்றுக்கும் வலது முழங்கை சுவரில் போய் இடிக்கும். கல்லைத் தரையோடு பதித்திருந்தார்கள், நகர்த்த வழியில்லை. எதிர்ப்பக்கம் போய் உட்காரலாம் என்றால் அங்கே தண்ணீர் போகும் சாக்கடை. ஒரு வாரத்தில் முழங்கை கன்றிக் கறுத்துவிட்டது. ஊறுகாய் ஜாடி ஒன்றும் கல்சட்டி ஒன்றும் உடைந்தன. நான் எங்கள் வீட்டில் பதின்மூன்று வயதிலிருந்து தளிகை பண்ணினவள். என் கை இப்படித் தடுமாறி நான் பார்த்ததில்லை.

இன்னொன்றும் இருந்தது. நாத்தனார் அந்தத் தளிகை உள்ளுக்குள் காலெடுத்து வைக்க மாட்டாள். பின்கட்டில் கரி அடுப்பு மூட்டித் தன் ஒருவேளைச் சாதத்தைத் தானே பொங்கிக்கொள்வாள். மூத்தாள் இறந்த பிறகு ஒரு வருஷம் முழுவதும் நாத்தனார் வீட்டுக்கே அங்கேதான் சமைத்தாளாம். கன்றிய முழங்கையை ஒருநாள் அவளிடம் காட்டினேன். அவள் கொஞ்சமும் ஆச்சரியப்படவில்லை.

"அவ இருக்கா" என்றாள். "அது அவளோட எடம். எங்கே போவா? நீதான் அனுசரிச்சிண்டு போகணும்."

இதை அவள் பயமுறுத்தச் சொல்லவில்லை. வெந்நீர் காய்ந்துவிட்டது என்று சொல்வதுபோலச் சொன்னாள். அதனால்தான் எனக்கு முதுகு சில்லிட்டது.

எங்களில் ஒரு வழக்கம் உண்டு. இளையாளாக வருகிறவள் தன் தாலிச் சரட்டிலேயே மூத்தாளுக்கென்று ஒரு சின்னப் பொன் தகடும் கோத்துக்கொள்ள வேண்டும். அதில் ஒரு பெண்ணுருவம் கீறியிருக்கும். காலையில் குங்குமம் முதலில் அந்தத் தகட்டுக்கு, பிறகுதான் என் நெற்றிக்கு. புதுப்புடவை வந்தால் முதலில் அவள் பேரைச் சொல்லி வைத்துவிட்டுத்தான் நான் உடுத்தலாம். ஆக, என் கழுத்திலேயே எங்கள் இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். ஒப்பிட்டுப் பார்க்க யாருக்கும் சிரமமே இல்லை.

ஒப்பிடவும் செய்தார்கள். பக்கத்து அகத்து மாமி, கிணற்றடிக்கு வருகிறவர்கள், ஏன், பூக்காரி கூடக் கூடையை இறக்கி வைத்துவிட்டு, "அவரு தும்ப ஒள்ளேயவரு" என்று கன்னடத்தில் பெருமூச்சு விடுவாள். ரொம்ப நல்லவளாம். நான் எதிரே நின்று பூ வாங்கிக்கொண்டிருப்பேன். மூத்தாளுக்குப் போட்டோ கிடையாது. முகம் எப்படி என்றுகூட எனக்குத் தெரியாது. தெரியாத ஒருத்தியிடம் தினம் தோற்றுக்கொண்டிருந்தேன். எனக்குத் தோற்கிற சுபாவம் இல்லை.

அதனால் எழுத ஆரம்பித்தேன். அவர் கச்சேரியிலிருந்து ஒருபக்கம் எழுதிக் கழித்த காகிதங்களைக் கொண்டுவருவார். அதன் பின்பக்கத்தில் நடுவாக ஒரு கோடு போட்டேன். இந்தப் பக்கம் அவள், அந்தப் பக்கம் நான். யார் என்ன சொன்னாலும் மத்தியானம் போய் எழுதிவிடுவேன். அவள் சாத்தமுதில், அதாவது ரசத்தில், மிளகு தூக்கல், நான் சுமார். அவள் சிரித்தால் சத்தம் வராது, நான் சிரித்தால் தெருக்கோடி வரைக்கும் கேட்கும். அவள் உயரம், நான் குட்டை. இது எனக்கு எட்டாத பரண் சொல்லித் தெரிந்தது. பொறாமையில்தான் ஆரம்பித்தேன், அதை மறைப்பானேன். அவள் எங்கே குறைந்தவள் என்று ஓரிடத்திலாவது எழுதிவிட வேண்டும் என்பதே என் எண்ணம். ஆனால் எழுத எழுத ஒரு விநோதம் நடந்தது. ஜனங்கள் சொன்னதைவிட வீடு அதிகம் சொல்லிற்று. மனுஷர்கள் செத்தவளைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லி நிறுத்திவிடுகிறார்கள். மாடமும் ஆணியும் அப்படி மரியாதை பார்ப்பதில்லை.

இனிமேல் சொல்லப்போவதைச் சொல்லத்தான் இவ்வளவு சுற்றி வந்தேன்.

குழந்தைக்கு இடக்கை வாட்டம். சாதத்தில் இடக்கையை வைப்பாள், தீர்த்தத்தை இடக்கையால் எடுப்பாள், கோலப்பொடியை அள்ளினால் அதுவும் இடக்கைதான். சின்னக் குழந்தை, சரியாகிவிடும் என்று முதலில் விட்டேன். அந்த வருஷம் விஜயதசமியன்று காலை தட்டில் அரிசியைப் பரப்பி அட்சராப்யாசம் பண்ணிவைத்தோம். அவள் இடது ஆள்காட்டி விரலை அரிசியில் வைத்தாள். வாத்தியார் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். நான் அவள் வலக்கையைப் பிடித்து இழுத்து எழுதவைத்தேன். சாயங்காலம் தசரா ஊர்வலமான ஜம்பு சவாரி பார்க்கப் போனோம். அம்பாரி யானை எங்களுக்கு நேராக வந்ததும் குழந்தைக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, கையை உயர்த்தி நெற்றியில் வைத்து மகாராஜாவுக்குச் சலாம் போட்டாள். இடக்கை. பக்கத்திலிருந்தவர்கள் சிரித்தார்கள். ஒருத்தி, "தாயில்லாப் பொண்ணு, யாரு சொல்லித் தருவா" என்று என் காது படவே சொன்னாள். உயர்ந்த அந்தக் கையை எல்லார் முன்னாலும் பிடித்துக் கீழே இழுத்தேன்.

மறுநாள் பழம்புடவை ஒன்றைக் கிழித்து, அந்தக் கையை அவள் இடுப்போடு சேர்த்துக் கட்டினேன். சாப்பிடும்போது மட்டும் என்றுதான் ஆரம்பம். பிறகு பலகையில் எழுதும்போதும். பிறகு காலை எழுந்ததிலிருந்து விளக்கேற்றும் வரை. இறுக்கிக் கட்டவில்லை, அவளை ஒருநாளும் அடிக்கவில்லை. இதையெல்லாம் எனக்கு நானே எத்தனையோ தரம் சொல்லிப் பார்த்தாகிவிட்டது. கட்டும்போது ஒரு பாட்டுப்போலச் சொல்வேன். "இது நல்ல கை, இது கெட்ட கை. கெட்ட கையை என்ன பண்ணணும்? தூங்கப் பண்ணணும்." அவள் அழவில்லை. அழாததால் பழகிவிட்டது என்று எடுத்துக்கொண்டேன். தை பிறந்தபோது வலக்கையால் சாப்பிட்டாள். நாத்தனார் பார்த்துவிட்டு, "போறும், ஒரு பொறுப்பு தீந்தது" என்றாள். அந்த வீட்டில் எனக்குக் கிடைத்த முதல் நற்பெயர் அது. ரொம்ப இனித்தது. பழைய கைக்கே திரும்பிவிடக்கூடாதே என்று கட்டையும் விடவில்லை.

திக்கல் எப்போது ஆரம்பித்தது என்று எனக்குத் திட்டமாகத் தெரியாது. முதலில் ஒரு வார்த்தையில் நின்றாள். பிறகு ஒவ்வொரு வார்த்தையின் வாசலிலும் நின்றாள். கண்ணை இறுக மூடிக்கொண்டு, மோவாய் நடுங்க, வராத சொல்லுக்காக நிற்பாள். நாங்கள் காத்திருப்போம். பங்குனிக்குள் பேச்சே நின்றுவிட்டது. தலையாட்டல் மட்டும்தான். மூச்சு விடாமல் பேசிய குழந்தை.

"தாய் பிடிச்சிருக்கா" என்றாள் நாத்தனார். பக்கத்து அகத்து மாமியும் அதையே சொன்னாள். நான் கன்னடமும் தமிழும் எழுதப் படிக்கத் தெரிந்தவள் என்று எனக்கு ஒரு கர்வம் உண்டு. ஆனால் நானும் நம்பினேன். சந்தேகமே இல்லாமல் நம்பினேன். கோயிலிலிருந்து மந்திரித்த கயிறு வந்தது, அதையும் நானே கட்டினேன். தகட்டுக்குக் குங்குமம் வைக்கும்போது, "என்னை என்ன வேண்டுமானாலும் பண்ணிக்கோ, உன் குழந்தையை விட்டுடு" என்று வேண்டிக்கொண்டேன்.

பட்டப்பகலில் தளிகை உள்ளுக்குள் போகப் பயமாக இருந்தது. நான் அரைக்கும்போது குழந்தை வந்து சுவரோரம் உட்காருவாள், கட்டிய கையோடு. என் முகத்தைப் பார்க்க மாட்டாள். குழவியைச் சுற்றும் என் கையையே பார்ப்பாள். பார்த்துக்கொண்டே இருப்பாள். எதையோ தப்பாகச் செய்கிறவளைப் பார்ப்பது போல இருக்கும். நடுவில் சட்டென்று என் இடத்தோள் பக்கம் பார்ப்பாள், அங்கே யாரோ உட்கார்ந்திருக்கிற மாதிரி. நானும் திரும்பிப் பார்ப்பேன். யாரும் இருக்க மாட்டார்கள். முழங்கை போய்ச் சுவரில் இடிக்கும்.

சித்திரையில் ஒரு வாரம் மேல்கோட்டைக்குப் போய் வந்தேன். திரும்பும்போது எங்கள் அகத்துப் பழைய தோசைத் திருப்பியைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தேன். இங்கே இருந்த திருப்பியால் எனக்கு ஒரு தோசைகூட ஒழுங்காக எடுக்க வரவில்லை. ஒருபக்கம் பிய்த்துக்கொண்டு வரும். அவருக்கோ தினம் காலையில் தோசை இல்லாவிட்டால் பொழுதே விடியாது. பிய்ந்த தோசையைத் தட்டில் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல், ஒன்றும் சொல்லவில்லை என்பது எனக்குத் தெரியும்படியாகச் சாப்பிடுவார்.

வந்த மறுநாள் காலை. கல் காய்ந்துகொண்டிருந்தது. ஊரிலிருந்து கொண்டுவந்ததை இந்த வீட்டுத் திருப்பியின் பக்கத்தில் தரையில் வைத்தேன். வேண்டுமென்று வைக்கவில்லை, வழிப் புழுதியைத் துடைக்க வைத்தேன். வைத்ததும் கண் அங்கேயே நின்றுவிட்டது.

இரண்டும் இரும்பு, ஒரே அகலம். இரண்டும் நுனியில் ஒரு மூலை தேய்ந்திருந்தன. எங்கள் அகத்தது இடது மூலையில் தேய்ந்திருந்தது. இந்த வீட்டினது வலது மூலையில். பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோது ஒரு ஜோடிக் கைகள் மாதிரி இருந்தன.

அத்தனை நாளும் அந்தத் திருப்பி என் கையில்தான் இருந்தது. தினம் அதைத் திட்டியிருக்கிறேன். தனியாக அதைப் பார்த்தபோது அது வெறும் தேய்ந்த திருப்பி. எல்லாத் திருப்பியும் தேயும்தானே என்று விட்டுவிட்டேன். எங்கே தேய்ந்திருக்கிறது என்று கேட்க, வேறு மாதிரித் தேய்ந்த இன்னொன்று வேண்டியிருந்தது.

இந்த வீட்டுத் திருப்பியை எடுத்துக் கல்லில் வைத்தேன். வலக்கையில் அது கல்லில் படியவில்லை. இடக்கைக்கு மாற்றினேன். நுனி முழுவதும் கல்லோடு ஒட்டிப் படிந்தது.

அடுப்பை விட்டு எழுந்தேன். ஆட்டுக்கல்லிடம் போய் உட்கார்ந்து இடக்கையால் குழவியைப் பிடித்துச் சுற்றினேன். என் கைக்கு அது பழக்கமில்லை, ஆனாலும் எதிலும் இடிக்கவில்லை. அந்தப் பக்கம் முழுவதும் காற்றோட்டமாகத் திறந்து கிடந்தது. அடுப்பின் முன் வந்து உட்கார்ந்து இடக்கையை நீட்டினேன். உப்பு இருந்தது. இன்னும் கொஞ்சம் தாழ்த்தி நீட்டினேன். தீர்த்தக் குடத்தின் விளிம்பு விரலில் பட்டது. அஞ்சறைப் பெட்டி, கரண்டி மாட்டும் ஆணி, துணி மாட்டும் கொக்கி, எல்லாம் ஒவ்வொன்றாகக் கைக்கு வந்துகொண்டே இருந்தன. ஒரு வருஷமாக என்னோடு சண்டை போட்ட அறை, வாய் திறந்து வா வா என்றது. என் உடம்புக்குள் இன்னொருத்தி வந்து உட்கார்ந்துகொண்டாள் என்று தோன்றியது. முகம் தெரியாத அவளை அன்றுதான் முதல் முதலாகப் பார்த்தேன். எனக்குப் பயமாக இல்லை. அழுகை வந்தது.

நிலைப்படியில் குழந்தை நின்றுகொண்டிருந்தாள். நீட்டிய என் இடக்கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கை இடுப்போடு கட்டியிருந்தது. காலையில் நான் கட்டியதுதான்.

காகிதங்களை எடுத்துப் பார்க்கவே வேண்டியிருக்கவில்லை. அவள் பக்கம், என் பக்கம் என்று கோடு போட்டு ஒரு வருஷம் எழுதினேனே, அதில் எல்லாமே இருந்தது. எனக்கு எட்டாத ஒவ்வொன்றும் ஒரே திசையில் இருந்தது. மூத்தாளையும் என்னையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேனே தவிர, மூத்தாளையும் குழந்தையையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை.

முடிச்சை அவிழ்த்துவிட்டுப் பின்கட்டுக்குப் போனேன். நாத்தனார் அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

"அக்கா, மூத்தாளுக்கு இடக்கை."

அவள் கை தண்ணீரிலேயே நின்றது.

"யார் சொன்னா?"

"யாரும் சொல்லலை. உங்களுக்கு எத்தனை நாளாத் தெரியும்?"

"சும்னே எதையானும் கெளறாதே" என்றாள். பிறகு உட்கார்ந்துவிட்டாள். மெதுவாகத்தான் சொன்னாள். "அவாத்துலே சின்னப் பொண்ணா இருக்கச்சே அந்தக் கையிலே சூடு போட்டிருக்கா. பொறங்கையிலே தழும்பு இருந்தது. கல்யாணமாகி எங்காத்துக்கு வந்தும் எங்கம்மாகிட்டே வாங்கிக் கட்டிண்டா. பரிமாற வரச்சே வலக்கை. ஒருத்தரும் இல்லேன்னா அந்தக் கை. இந்த ஆத்துக்கு அவ வந்தப்பறம், நான் பாக்க வரச்சேதான் அவ வாய்விட்டுப் பாடிக் கேட்டேன்."

"என்கிட்டே ஏன் சொல்லலை?"

"அவதான் சொல்லாதேன்னா." நாத்தனார் அரிசிப் பாத்திரத்தை ஓரமாகத் தள்ளிவைத்தாள். "போறதுக்கு மொத நாள், என் கையைப் பிடிச்சிண்டு சொன்னா. கொழந்தைக்கும் என் கைதான் வந்திருக்கு, அக்கா, சின்னதுலேயே மாத்திடுங்கோ, நான் பட்டது அவ படவேண்டாம்னா. புதுசா வரப்போறவளுக்கு இது தெரியவேண்டாம், தெரிஞ்சா என்னைச் சொல்லிச் சொல்லியே அவளை அடிப்பான்னா. நான் சத்தியம் பண்ணிக் குடுத்தேன். அவ இருக்கான்னு சொன்னேனே, அது பொய்யா? அங்கே இருக்கறதெல்லாம் அவ கைதானே. எனக்கு அதுக்குள்ளே போகவே முடியலைடி."

நான் அவளுக்கு எதிரில் தரையில் உட்கார்ந்தேன். நான் யாரென்று தீர்மானமாவதற்கு முன்னாலேயே ஒருத்தி ஜுரத்தில் படுத்துக்கொண்டு என்னை நினைத்துப் பயந்திருக்கிறாள். குழந்தையை நான் அடிக்கவில்லையே என்று சொல்ல வாயெடுத்தேன். கட்டிவைத்தவள் அதைச் சொல்லிப் பெருமைப்பட என்ன இருக்கிறது என்று அடக்கிக்கொண்டேன்.

அவர் கச்சேரியிலிருந்து வந்ததும் கேட்டேன். "கையா?" என்று கொஞ்சம் யோசித்தார். "ஆமாம், அவளுக்கு அப்படி ஒண்ணு உண்டு. அக்கா சொல்லவேண்டாம்னா. அதுக்கென்ன இப்போ?" என்று காபியைக் கேட்டார். நல்ல மனுஷர். கண் எதிரில் இருப்பதைப் பார்க்கிற வழக்கம் மட்டும் இல்லை.

நாத்தனார்தான் விடவில்லை. செத்தவளுக்குக் கொடுத்த வாக்கை மீறினால் என்ன ஆகுமோ என்று பயந்தாள். அவள் ஆசைப்பட்டதைத்தானே நாம் பண்ணினோம், பாதியில் அவிழ்த்துவிட்டால் இரண்டுங்கெட்டானாகிவிடுமே என்றாள். அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. எனக்குச் சொல்லத் தெரிந்தது ஒன்றுதான்.

"நான் வந்தன்னிக்கு இருந்த கொழந்தையை இந்தப் பக்கம் வையுங்கோ. இப்போ இருக்கற கொழந்தையை அந்தப் பக்கம் வையுங்கோ. நடுவுலே நாம பண்ணினது என்ன? வேற ஒண்ணுமே இல்லையே, அக்கா. கையைக் கட்டினதுதானே? மூத்தாள் இதைப் பாத்திருந்தா மாத்துங்கோன்னா சொல்லியிருப்பா?"

அவள் புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு, "பழந்துணியை எல்லாம் எடுத்து எரிச்சுடு" என்றாள்.

மறுநாள் காலை குழந்தையைத் தளிகை உள்ளில் என் பக்கத்தில் உட்காரவைத்தேன். பலகையையும் பலப்பத்தையும் கொடுத்தேன். அவள் அவிழ்த்த கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, வலக்கையால் பலப்பத்தை வாங்கினாள். கட்டு இல்லாமலே கட்டியது போல அந்தக் கை அங்கேயே இருந்தது.

"எந்தக் கையாலே வேணும்னாலும் எழுது, கொழந்தே" என்றேன். "உங்கம்மாவுக்கும் அந்தக் கைதான். எனக்குத் தெரிஞ்சுடுத்து. அந்தக் கையாலேதான் தோசை பண்ணுவா, மாவு அரைப்பா. எல்லாமே அதுலேதான்."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். வந்த நாளிலிருந்து அப்படி நேராகப் பார்த்து எனக்கு ஞாபகமில்லை. கண்ணை இறுக மூடினாள். மோவாய் நடுங்க ஆரம்பித்தது. இரண்டு மாதமாகப் பேசாதவள். நான் காத்திருந்தேன். நாத்தனார் முதல் தடவையாக நிலைப்படி வரைக்கும் வந்து நின்றாள்.

"சி... சித்தி" என்றாள். "அ... அப்போ, அம்மா கெ... கெட்டவ இல்லையா?"

எனக்கு முதலில் புரியவே இல்லை. புரிந்தபோது அடுப்பங்கரையில் அப்படியே சாய்ந்துவிட்டேன்.

அவளுக்கு ஆரம்பத்திலிருந்தே தெரியும். அந்தக் கையால்தான் தாய் அவளுக்கு ஊட்டியிருப்பாள், தலை வாரியிருப்பாள், ஜுரத்தில் கிடந்தபோதும் அந்தக் கையால்தான் அவள் கன்னத்தைத் தடவியிருப்பாள். அம்மாவின் கை ஒருபக்கம். கெட்ட கை என்று நான் தினம் பாட்டுப்போலச் சொன்னது ஒருபக்கம். நான் ஒரு வருஷம் கோடு போட்டுத் தவித்துக் கண்டுபிடித்ததை, நாலு வயதுக் குழந்தை முதல் நாளே பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டாள். அதிலிருந்து அவளுக்கு ஒன்று தோன்றியிருக்கிறது. அதை யாரிடமும் கேட்க முடியாமல் நாளுக்கு இருபது தரம் விழுங்கியிருக்கிறாள். அதற்குப் பிறகு எந்தச் சொல்தான் அந்தத் தொண்டையில் ஒழுங்காக வரும்?

"இல்லேடி கண்ணே, இல்லவே இல்லை" என்றேன். நாத்தனார் உள்ளே வந்து அவளை வாரி மடியில் போட்டுக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். அன்று எத்தனை தரம் சொன்னேனோ தெரியாது. அந்த வருஷம் முழுவதும், அதற்குப் பிறகும் சொல்லிக்கொண்டே இருந்தேன். உங்கம்மா நல்லவ. அந்தக் கை நல்ல கை. சித்திதான் தெரியாமல் தப்புப் பண்ணிட்டேன். அவள் தலையாட்டிக் கேட்டுக்கொள்வாள்.

பேச்சு திரும்பி வந்தது. முழுவதும் வரவில்லை. இன்றைக்கும் அம்மா என்ற சொல்லுக்கு முன்னால் ஒரு கணம் கண்ணை மூடிக்கொண்டு நிற்பாள். கேட்கிறவர்கள் ஏதோ பக்தி என்று நினைத்துக்கொள்கிறார்கள். நான் அப்போதெல்லாம் எழுந்து உள்ளே போய்விடுவேன். என் வயிற்றில் பிறந்த இரண்டு பேர் என்னை அம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். அவள் சித்தி என்றாள். மூன்று பேரில் என்னிடம் பிரியமாக இருந்தவள் அவள்தான். அந்தப் பிரியத்தை நான் எப்படி வாங்கிக்கொள்வது என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

ஷிமோகாவில் வாழ்க்கைப்பட்டு இப்போது அவளுக்கும் குழந்தைகள் இருக்கிறார்கள். மாதம் தவறாமல் கடிதம் போடுகிறாள். முத்து முத்தான எழுத்து, வரி கொஞ்சமும் கோணாது. வருகிறவர்களிடம் காட்டினால் பாராட்டுவார்கள். நான் காட்டுவதில்லை. அவள் வலக்கையால்தான் எழுதுகிறாள்.